ரைபிளில் நெடுந்தூரம் சுடுபவர்கள் ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கியை) எந்தத் தூரத்தில் ஜீரோ செய்யலாம்?

ஜீரோ செய்வது என்றால், ஒரு தூரத்தில் குறிபார்க்கும் இடத்திலேயே தோட்டா படும்படி ஸ்கோப்பைச் சரிசெய்து வைப்பது. 800 மீட்டர் இலக்கைச் சுடப்போகிறோம், ஜீரோ மட்டும் 100 மீட்டரிலா என்று புதியவர்கள் தயங்குவார்கள். தயங்க வேண்டாம். டரட்டை (ஸ்கோப்பில் உள்ள திருத்தும் குமிழை) திருகித் தூரம் வைத்துச் சுடுபவர்களுக்கு 100தான் நல்லது. அந்தத் தூரத்தில் காற்றும் வெப்பநிலையும் தோட்டாவை அவ்வளவாக நகர்த்துவதில்லை. 300 மீட்டரில் வைத்தால், அன்றைய வானிலையும் உங்கள் ஜீரோவுக்குள் கலந்துவிடும்; வேறு ஊரில், வேறு பருவத்தில் அது பிசகும்.

.308 வின்செஸ்டர் என்ற ரைபிள் தோட்டா வகையில் 175 கிரெய்ன் எடையுள்ள தோட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். 100 மீட்டர் ஜீரோ வைத்தால் தோட்டா பார்வைக் கோட்டுக்கு மேலே எழும்புவதே இல்லை எனலாம். 200 மீட்டருக்குச் சுமார் 0.6 மில் ஏற்றினால் போதும் (மில் என்பது கோண அளவு; 1 மில் என்றால் 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர்). எல்லாத் திருத்தமும் ஒரே திசையில், மேல்நோக்கித்தான். அவசரத்தில் குழப்பம் வராது. 200 மீட்டர் ஜீரோ என்றால் 100 மீட்டரில் ஐந்தாறு சென்டிமீட்டர் மேலே படும். டரட்டைத் தொடாமல் சுடும் வேட்டைக்காரர்களுக்கு அது பொருந்தும், சின்ன இலக்குக்குப் பொருந்தாது.

சரி, ஜீரோ வைக்கும்போது ஒரே குண்டை நம்பித் திருகாதீர்கள். ஐந்து சுட்டு, அவை விழுந்த கூட்டத்தின் நடுவைப் பார்த்துத் திருத்துங்கள். 0.1 மில் டரட்டில் ஒரு கிளிக் (ஒரு படி திருகுவது), 100 மீட்டரில் சரியாக 1 சென்டிமீட்டர். அப்புறம், தோட்டா வகையை மாற்றினால் ஜீரோவை மறுபடி பாருங்கள்.