பழைய கல்லறை தேடுகிறவர்களுக்கு: முதலில் பதிவேடு, பிறகு கல்

கல்லறைத் தோட்டத்துக்குள் நேரே நுழைந்து கல் கல்லாகப் பெயர் பார்த்தால் பொழுதுதான் போகும். மண் கல்லறைகளைச் சில வருடம் கழித்துத் திரும்பத் தோண்டி வேறொருவரை அடக்கம் செய்வது பல ஊர்களில் வழக்கம். கல் இல்லையென்றால் ஆளே அங்கே இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். கத்தோலிக்கக் குடும்பமானால் பங்கின் (ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பிலுள்ள கோயில் வட்டாரம்) இறப்புப் பதிவேட்டிலிருந்து தொடங்குங்கள்.

இன்று உங்கள் ஊரில் இருக்கும் கோயிலில் அது இருக்கும் என்று நம்ப வேண்டாம். அந்தக் காலத்தில் ஊர் எந்தப் பங்கின் கிளையாக இருந்தது என்று விசாரியுங்கள். 1960இல் தனிப்பங்கான ஊரென்றால் 1930ஆம் வருடத்து அடக்கத்தைத் தாய்ப்பங்கில்தான் தேட வேண்டும். வருடம் தெரியாவிட்டால் வீட்டுப் பெரியவர்களிடம், “இந்தப் பேரனைத் தாத்தா பார்த்தாரா? அந்த அத்தை கல்யாணத்துக்கு இருந்தாரா?” என்று கேட்டுப் பத்து வருட இடைவெளிக்குள் கொண்டுவாருங்கள். பங்குத்தந்தையை ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்காதீர்கள். அன்று அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது.

பலர் கோட்டைவிடுவது பெயரில்தான். பழைய ஏடுகள் பெரும்பாலும் லத்தீனில். வீட்டில் அருளப்பன், ஏட்டில் யோவான்னெஸ். இராயப்பன் பேத்ருஸ், சின்னப்பன் பவுலுஸ், சூசை யோசேபுஸ், யாகப்பன் யாக்கோபுஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ். சவரிமுத்துவைப் பிரான்சிஸ்குஸ் என்ற பெயரிலும் தேடுங்கள், பின்னால் சவேரியுஸ் ஒட்டியிருக்கும். ‘யோ’ ஒலியை ஐ (I) எழுத்திலும் எழுதுவார்கள், ஜே (J) எழுத்திலும் எழுதுவார்கள். இனிஷியலை நம்பாதீர்கள்: ‘ஃபிலியுஸ்’ (மகன்) என்ற சொல்லை அடுத்துத் தகப்பன் பெயரும், ‘உக்சோர்’ (மனைவி) என்பதை அடுத்துக் கணவன் பெயரும் இருக்கும். ‘ஓபியித்’ இறந்த நாள், ‘செபுல்துஸ்’ அடக்கம்; பெண்ணானால் ‘செபுல்தா’.

நகராட்சிச் சான்றிதழும் வேண்டுமானால், இறந்த ஊரில்தான் பதிவாகியிருக்கும், அடக்கமான ஊரில் அல்ல. மதுரை ஆஸ்பத்திரியில் இறந்தவரைச் சொந்தக் கிராமத்தில் தேடிப் பயனில்லை.

இனி கல். எழுத்து மங்கியிருந்தால் காலை ஏழு மணி வெயிலில் பாருங்கள், அல்லது கண்ணாடியால் பக்கவாட்டில் வெளிச்சம் அடியுங்கள். கம்பி பிரஷ், ஆசிட் இரண்டும் வேண்டாம், எழுத்தே உரிந்துவிடும். வருடம் இருக்க வேண்டிய இடத்தில் ‘கஅகூஉ’ என்று இருந்தால் அது தமிழ் எண், 1892.

போக நல்ல சமயம் நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு ஓரிரு நாள் முன்பு. புல் செதுக்கியிருப்பார்கள், திருநாளுக்காக அடிக்கும் சுண்ணாம்பு இன்னும் எழுத்தை அடைத்திருக்காது.