டேப்புக்குள் ஒளிந்திருந்த பச்சை

எண்ணூர் பக்கம் கடலோரம் நிற்கும் கேம்பர் வேனில் (தங்கும் வசதியுள்ள வேன்) தண்ணீர் பம்ப் திணறிக்கொண்டே இருந்தது. பம்ப் கனெக்டரில் மீட்டர் வைத்தால், நிற்கும்போது 12.6 வோல்ட், ஓடும்போது 9-க்குக் கீழே. ஃபியூஸ், சுவிட்ச், எர்த் போல்ட், கடைசியில் பம்பையே மாற்றியும் பலனில்லை.

கோளாறு, தரைத்தகட்டுக்கு அடியில் வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்த பம்ப் வயர் ஜாயின்ட்டில். பிரித்தால் பச்சைப் பொடி. அதை மட்டும் சுரண்டிவிட்டு ஈயம் வைத்தால் ஒட்டாமல் உருண்டு விழுந்தது. பலரும் தவறவிடுவது இங்கேதான்: உப்பு ஈரம் இன்சுலேஷனுக்குள்ளேயே ஏறி, ஒரு சாண் தூரத்துக்குச் செம்பு கருத்துப்போயிருந்தது. பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டி, 2.5 சதுர மி.மீ. புது வயர் சேர்த்தேன்.

உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயை (சூடு பட்டால் சுருங்கும் குழாய்) முதலிலேயே வயரில் நுழைத்துத் தள்ளி வைக்கவும். இழைகளைக் கோத்து முறுக்கி, ரோசின் ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) தடவி, சால்டரிங் அயர்னால் செம்பைச் சூடாக்குங்கள். 60/40 ஈயத்தை (60% வெள்ளீயம், 40% காரீயம்) செம்பில் தொட்டால் தானே உறிஞ்சும். ஆசிட் ஃப்ளக்ஸ் கூடவே கூடாது, உள்ளே தங்கி அரிக்கும். பிறகு குழாயை ஜாயின்ட் மேல் இழுத்துச் சூடாக்குங்கள்; அதன் இரு முனையிலும் பசை வழிந்தால்தான் சீல். ஈயம் முடியும் இடத்தில் வயர் விறைப்பாகி, வண்டி அதிர்வில் அங்கேதான் அறும். அதனால் இருபுறமும் கிளாம்ப் போட்டேன்.

பம்ப் ஓடும்போது இப்போது 12.3 வோல்ட். அப்பாடா.