பேட்டரி மாற்றும்போது எம்ஏஎச் எண்ணைக் கடைசியில் பாருங்கள்

பழைய பேட்டரி போய்விட்டது, புதிதாக ஒன்று வாங்க வேண்டும். பெரும்பாலானவர்கள் பார்ப்பது இரண்டே விஷயம்தான். முதலில், அதே அளவில் இருக்கிறதா? அப்புறம், எதில் எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் ஹவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு) எண் பெரிதாகப் போட்டிருக்கிறது? இந்த வரிசைதான் பாதித் தவறுகளுக்குக் காரணம். முதலில் பார்க்க வேண்டியது பேட்டரி எந்த வகை என்பதை: ஒருமுறை பயன்படுத்தி எறியும் அல்கலைனா, ரீசார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடா, லித்தியம் அயனா? அடுத்து வோல்ட். அதற்கடுத்து, சாதனம் இழுக்கும் மின்சாரத்தை அதனால் தர முடியுமா, அதை எந்த சார்ஜர் சார்ஜ் செய்யப்போகிறது என்பது. இதெல்லாம் சரியாக அமைந்த பிறகுதான் எம்ஏஎச்.

பழைய பேட்டரியை உடனே தூக்கிப் போடாதீர்கள். அதன் மேல் இருக்கும் பொடி எழுத்துகளை ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சாதனத்தின் மாடல் பெயரைவிட அந்த எழுத்துகள்தான் அதிக விவரம் சொல்லும்.

உள்ளே நுழைகிறது, அதனால் பொருந்தும்?

இதுதான் மிகவும் ஆபத்தான தவறு. டபுள் ஏ பென்சில் செல்லின் அளவிலேயே 14500 என்ற லித்தியம் அயன் செல் ஒன்று வருகிறது. 14 மில்லிமீட்டர் விட்டம், 50 மில்லிமீட்டர் நீளம் என்பதுதான் அந்த எண். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சட்டென்று வித்தியாசம் தெரியாது. ஆனால் பென்சில் செல் 1.5 வோல்ட், இது 3.7 வோல்ட், முழு சார்ஜில் 4.2. இரண்டு செல் போடும் டார்ச்சில் 3 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 8.4 வோல்ட் போய் நிற்கும். பல்பு போவதோடு முடிந்தால் அதிர்ஷ்டம்.

பட்டன் செல்களிலும் இதே கதைதான். சிஆர்2032 என்றால் 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட், ஒருமுறை பயன்படுத்தி எறிவது. அதே அளவில் எல்ஐஆர்2032 என்று ஒன்று உண்டு. அது மறுபடி சார்ஜ் செய்யக்கூடியது, 3.6 வோல்ட், கொள்ளளவு ஏறக்குறைய 40 எம்ஏஎச். சிஆர்2032 தருவதோ 220 எம்ஏஎச் அளவில். ‘சார்ஜ் செய்யலாமே, மிச்சம்தானே’ என்று வாங்கிப் போட்டால், ஒரு வருடம் ஓடிய சாதனம் ஏறக்குறைய இரண்டு மாதம்தான் ஓடும். 3 வோல்ட்டுக்காகச் செய்த சர்க்யூட்டுக்கு முழு சார்ஜில் 4.2 வோல்ட் போகும் என்பது அதைவிட மோசம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சிஆர்2016 செல்லின் தடிமன் 1.6 மில்லிமீட்டர். இரண்டை அடுக்கினால் சரியாக 3.2. சில சின்ன ரிமோட்டுகளிலும் லேசர் பாயின்டர்களிலும் இப்படி இரண்டை அடுக்கி 6 வோல்ட் எடுப்பார்கள். அங்கே ஒரு சிஆர்2032 கச்சிதமாக உட்காரும், ஆனால் வேலை செய்யாது. சாதனம்தான் கெட்டுவிட்டது என்று பலர் முடிவு செய்துவிடுவார்கள். ஆகவே கழற்றும்போதே எத்தனை செல் வெளியே வருகிறது, எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சில சிஆர்2032 செல்களின் மேல் கசப்புப் பூச்சு பூசியிருப்பார்கள், குழந்தைகள் வாயில் போட்டால் துப்பிவிட வேண்டும் என்பதற்காக. நல்ல ஏற்பாடு. ஆனால் சாதனத்தின் தொடுமுனை அந்தப் பூச்சின் மேல் விழுந்தால் இணைப்பு கிடைக்காது. தொலைந்த பொருளைத் தேட உதவும் ஏர்டேக் போன்றவற்றில் இந்தச் சிக்கல் வரலாம் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. புது செல் போட்டும் உயிர் வராவிட்டால் பூச்சு இல்லாத ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பட்டன் செல்லைக் குழந்தை விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்து புண்ணாகிவிடலாம். தீர்ந்துபோன செல்லிலும் அதற்குப் போதுமான மின்சாரம் இருக்கும். கழற்றியதை மேசையில் விட்டுவிட்டு நகராதீர்கள்.

1.5-ம் 1.2-ம்

அல்கலைன் செல்லில் 1.5 வோல்ட், நிக்கல் மெட்டல் ஹைட்ரைடில் 1.2 வோல்ட் என்று போட்டிருக்கும். ‘வோல்ட் குறைவு, ஒத்துவராது’ என்று சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். உண்மையில் அல்கலைன் 1.5-இல் தொடங்கி இறங்கிக்கொண்டே போகும். ரீசார்ஜ் செல்லோ பெரும்பாலான நேரம் 1.2-ஐ ஒட்டியே நிற்கும். கேமரா ஃபிளாஷ், ஓடும் பொம்மை போல மின்சாரத்தை வாரி இழுக்கும் சாதனங்களுக்கு ரீசார்ஜ் செல்தான் மேல். சுவர்க் கடிகாரம், டிவி ரிமோட் போன்றவற்றுக்கு அல்கலைன் போதும்.

9 வோல்ட் பேட்டரியில் மட்டும் ஜாக்கிரதை. ரீசார்ஜ் வகையில் உள்ளே ஆறு செல் இருந்தால் 7.2 வோல்ட்தான், ஏழு இருந்தால் 8.4. மல்டிமீட்டர் போன்றவை 7.2-இல் சீக்கிரமே ‘பேட்டரி குறைவு’ என்று காட்ட ஆரம்பித்துவிடும். புகை எச்சரிக்கைக் கருவியில் அதன் கையேடு சொல்லும் வகையைத் தவிர வேறு எதையும் போடாதீர்கள்.

தலைகீழ்த் தவறு இன்னும் அதிகம் நடக்கிறது. கார்ட்லெஸ் போனிலும் தோட்டத்து சோலார் விளக்கிலும் சாதாரண அல்கலைன் செல்லைப் போட்டுவிடுகிறார்கள். அந்தச் சாதனம் அதை ரீசார்ஜ் செல் என்று நினைத்து சார்ஜ் ஏற்றும். செல் கசிந்து தொடுமுனைகளை அரித்துவிடும்.

ஒரே சாதனத்தில் பழையதையும் புதியதையும் கலந்து போடுவதும் இதே இடத்தில்தான் போய் முடியும். நான்கில் ஒன்று பலவீனமாக இருந்தால், மற்ற மூன்றும் சேர்ந்து அதன் வழியாக மின்சாரத்தைத் தள்ளி, அதைத் தலைகீழாகவே சார்ஜ் ஆக வைத்துவிடும். மாற்றினால் மொத்தமாக, ஒரே வகையில், ஒரே நேரத்தில் மாற்றுங்கள்.

3.7, 3.8, 3.85: சின்ன வித்தியாசம்தானே?

செல்போன், டேப்லெட் பேட்டரிகளில் இரண்டு வோல்ட் எண்கள் இருக்கும். ஒன்று சராசரி வோல்ட், இன்னொன்று சார்ஜ் வரம்பு. 3.7 என்றால் வரம்பு 4.2. 3.8 என்றால் பொதுவாக 4.35. 3.85 என்றால் 4.4. சாதனத்துக்குள் இருக்கும் சார்ஜிங் சர்க்யூட் இதில் ஏதாவது ஒன்றுக்குத்தான் அமைக்கப்பட்டிருக்கும். 4.4 வரை ஏற்றும் போனில் 4.2 வரம்புள்ள மலிவு பேட்டரியைப் போட்டால், ஒவ்வொரு முறை முழு சார்ஜ் ஆகும்போதும் அது ஓவர் சார்ஜ் ஆகிறது. முதல் வாரம் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நாள் கழித்துப் பின்மூடி மெல்லத் தூக்கும், பேட்டரி உப்பியிருக்கும். மாறாக, 4.2 வரை மட்டும் ஏற்றும் பழைய சாதனத்தில் 4.4 பேட்டரியைப் போட்டால் முழுதாக நிரம்பாது, அவ்வளவுதான். ஆபத்து ஒரு திசையில் மட்டுமே.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை தனி. அதற்கு 3.2 வோல்ட், சார்ஜ் வரம்பு 3.65. அதை 4.2 வோல்ட் சார்ஜரில் மாட்டவே கூடாது. சில சோலார் விளக்குகளில் இந்த வகை 14500 அளவிலேயே இருக்கும். அங்கே செல்லின் மேல் அச்சிட்ட எழுத்துகளையும் அந்த 3.2-ஐயும் பார்த்துத்தான் அடையாளம் காண முடியும்.

இவ்வளவு பயமுறுத்திவிட்டு இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். லேப்டாப்பில் பழையது 10.8 வோல்ட், புதியது 11.1 வோல்ட் என்றால் பயப்பட வேண்டியதில்லை. மூன்று செல்லை ஒருவர் 3.6 என்று கணக்குப் போட்டிருக்கிறார், இன்னொருவர் 3.7 என்று போட்டிருக்கிறார். 14.4-ம் 14.8-ம் அதேபோலத்தான். 18 வோல்ட் டிரில், 20 வோல்ட் டிரில் இரண்டுக்குள்ளும் பெரும்பாலும் ஐந்து செல் வரிசைதான். சராசரியைச் சொன்னால் 18, புதிதாக சார்ஜ் ஆனதைச் சொன்னால் 20. ஆனால் 11.1-க்குப் பதில் 14.8 போடுவது வேறு விஷயம். அங்கே ஒரு செல் கூடுதல். கிடைத்த எண்ணை 3.6-ஆலோ 3.7-ஆலோ வகுத்துப் பாருங்கள். செல் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் சரி.

பேட்டரியிலிருந்து சிவப்பு, கறுப்பு தவிர மூன்றாவது ஒயர் வந்தால், பெரும்பாலும் அது வெப்பத்தை அளக்கும் சென்சாருடையது. மூன்று ஒயர் கேட்கும் சாதனத்தில் இரண்டு ஒயர் பேட்டரியைப் போட்டு, சென்சார் இருப்பதுபோல ஒரு ரெசிஸ்டரை வைத்து ஏமாற்றும் வழியைப் பலர் சொல்லித் தருகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பேட்டரி கொதித்துக்கொண்டிருந்தாலும் சாதனம் ‘இதமாக இருக்கிறது’ என்றே நம்பி சார்ஜ் ஏற்றிக்கொண்டிருக்கும்.

எம்ஏஎச் என்ற மயக்கம்

டார்ச்சிலும் லேப்டாப் பேட்டரிக்குள்ளும் இருக்கும் 18650 என்ற லித்தியம் அயன் செல்லில் பொதுவாகக் கிடைக்கும் உண்மையான உச்சம் ஏறக்குறைய 3,500, 3,600 எம்ஏஎச். அதன் மேல் 9,900 என்று அச்சடித்து விற்கிறார்கள். எழுத்தை நம்பாமல் தராசை நம்புங்கள். நல்ல செல் 45 முதல் 50 கிராம் வரை எடை இருக்கும். அதைவிட வெகுவாகக் குறைந்தால் உள்ளே சரக்கு இல்லை என்று பொருள்.

எம்ஏஎச் கூடினால் சாதனம் எரிந்துவிடும் என்று பயப்படுகிறவர்களும் உண்டு. வகையும் வோல்ட்டும் சரியாக இருந்தால், உண்மையிலேயே கொள்ளளவு கூடிய பேட்டரி நல்லதுதான். சாதனம் தனக்குத் தேவையானதை மட்டுமே இழுக்கும்.

வோல்ட் வேறுபடும் இரண்டு பேட்டரிகளை எம்ஏஎச் வைத்து ஒப்பிடவே முடியாது. வோல்ட்டை ஆம்பியர் ஹவரால் (எம்ஏஎச்சை 1,000-ஆல் வகுத்தால் வருவது) பெருக்கினால் வாட் ஹவர் வரும், அதுதான் உண்மையான அளவு. பவர் பேங்கில் 10,000 என்று போட்டிருப்பது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. அதாவது 37 வாட் ஹவர். யூஎஸ்பியின் 5 வோல்ட்டில் கணக்குப் போட்டால் 7,400. மாற்றும்போது ஆகும் இழப்பு போக இன்னும் குறையும். விமானத்தில் எடுத்துச் செல்லவும் இந்த எண்தான் வேண்டும்: 100 வாட் ஹவர் வரை பொதுவாகத் தனி அனுமதி தேவையில்லை, அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி தேவை. உதிரி பேட்டரிகளைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும்.

ட்ரோன், ரிமோட் கார் வைத்திருப்பவர்களுக்கு

லிபோ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் எம்ஏஎச்சைவிட இரண்டு எழுத்துகள் முக்கியம். எஸ் என்பது எத்தனை செல் வரிசையாக இருக்கிறது என்பது: 3எஸ் என்றால் 11.1 வோல்ட். சி என்பது எவ்வளவு வேகமாக மின்சாரத்தைத் தர முடியும் என்பது. 2,200 எம்ஏஎச், 25சி என்றால் 2.2-ஐ 25-ஆல் பெருக்க 55 ஆம்பியர் வரும். அட்டையில் போடும் சி எண் பல நேரம் மிகைதான். ஆகவே மோட்டார்கள் எல்லாம் சேர்ந்து 40 ஆம்பியர் இழுத்தால் கணக்கில் 60, 70 வருவதாக வாங்குவது நல்லது.

‘4எஸ் போட்டால் வேகம் கூடும்’ என்பார்கள். கூடும்தான். வோல்ட் மூன்றில் ஒரு பங்கு ஏறுவதால் மோட்டார் சுற்றும் வேகமும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறப் பார்க்கும். ஆனால் விசிறி இழுக்கும் மின்சாரம் அதைவிட வெகு வேகமாக ஏறும். வேகக் கட்டுப்பாட்டு போர்டு தாங்குமா என்று பார்க்காமல் மாற்றினால் முதலில் புகைவது அதுதான். ட்ரோனில் பெரிய பேட்டரி போட்டால் எடையும் கூடுகிறது. ஓர் அளவுக்கு மேல் அந்த எடையைத் தூக்குவதற்கே சார்ஜ் செலவாகும், பறக்கும் நேரம் கூடாது.

சின்ன லிபோக்களில் எனக்கு எப்போதும் கவலை தருவது அந்த வெள்ளை நிற ஜேஎஸ்டி கனெக்டர்தான். இடப்பக்கம் சிவப்பா, வலப்பக்கம் சிவப்பா என்பதில் தயாரிப்பாளர்கள் ஒத்துப்போவதில்லை. கனெக்டர் கச்சிதமாக நுழையும், போர்டு ஒரு நொடியில் போய்விடும். மாட்டுவதற்கு முன் பழைய பேட்டரியின் கனெக்டரையும் புதியதையும் ஒரே பக்கம் பார்க்க வைத்து, ஒயர் நிறத்தை ஒப்பிடுங்கள். மல்டிமீட்டரால் பாசிட்டிவ் எது என்று உறுதி செய்யுங்கள். மாறியிருந்தால், கனெக்டரின் பக்கவாட்டில் தெரியும் குட்டி பிளாஸ்டிக் நாக்கை ஊசியால் லேசாகத் தூக்கி ஒயரை இழுத்தால் உலோக முனையோடு வெளியே வரும். ஒரு ஒயரை எடுத்து அதன் முனையில் டேப் சுற்றிய பிறகே அடுத்ததைத் தொடுங்கள். இரண்டு முனையும் ஒன்றையொன்று தொட்டால் ஷார்ட் ஆகிவிடும்.

பழைய கேமராவும் அளவுக் கருவிகளும்

எல்ஆர்44, எஸ்ஆர்44 இரண்டும் ஒரே அளவு. எல் என்பது அல்கலைன், எஸ் என்பது சில்வர் ஆக்சைடு. சில்வர் ஆக்சைடு கடைசிவரை 1.55 வோல்ட்டை விடாமல் பிடித்திருக்கும். டிஜிட்டல் காலிப்பரில் எல்ஆர்44 போட்டால் செல்லில் பாதி சார்ஜ் மிச்சம் இருக்கும்போதே எண்கள் மினுக்க ஆரம்பிப்பது இதனால்தான். கூடுதல் காசு கொடுத்து எஸ்ஆர்44 வாங்குவது இங்கே வீண் செலவு இல்லை.

1960, 70-களின் ஃபிலிம் கேமராக்கள் பலவற்றில் 1.35 வோல்ட் மெர்குரி செல் இருந்தது. சுற்றுச்சூழல் காரணத்தால் அதன் விற்பனை நின்றுவிட்டது. அதே அளவில் அல்கலைன் கிடைக்கிறது, ஆனால் 1.5 வோல்ட். வோல்ட்டைச் சமன்செய்யும் வசதி இல்லாத கேமராவில் ஒளிமானி தவறாகக் காட்டி, படங்கள் இருண்டு போகும். 1.4 வோல்ட் ஜிங்க் ஏர் செல்லோ, வோல்ட்டைக் குறைக்கும் அடாப்டருடன் சில்வர் ஆக்சைடு செல்லோதான் வழி.

கடைசியாக வாங்கும் நேரம். லித்தியம் அயன் பேட்டரி பெட்டியில் சும்மா கிடந்தாலும் வயதாகும். பழைய மாடலுக்கு ‘ஒரிஜினல், சீல் பிரிக்காதது’ என்று கிடைத்தால் தயாரித்த தேதியைக் கேளுங்கள். ஐந்து, ஆறு வருடம் கிடந்த ஒரிஜினலைவிட, நம்பகமான வேறு நிறுவனம் சமீபத்தில் செய்தது மேல். புதியதைப் போட்டு முதல் சார்ஜ் ஏற்றும்போது பக்கத்திலேயே இருங்கள். வெதுவெதுப்பு சகஜம், கை வைக்க முடியாத சூடு வந்தால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு, எரியக்கூடிய பொருள்கள் இல்லாத இடத்தில் வையுங்கள். பழையதன் முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். உப்பியிருந்தால் அழுத்தியோ குத்தியோ காற்றை வெளியேற்றப் பார்க்காதீர்கள்.