பஞ்சிகாவத்தையில் வாங்கிய ஹெட்டில் வெடிப்புப் பார்ப்பது

கொழும்பில் பழைய வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில், பார்க்கப் பளிச்சென்று இருந்த ஒரு பழைய ஹெட்டை (எஞ்சினின் மேல்பகுதியை மூடும் சிலிண்டர் ஹெட்) வாங்கிப் பூட்டினேன். ஒரு வாரத்தில் ரேடியேட்டர் தண்ணீர் குறையத் தொடங்கிவிட்டது. கழற்றிப் பார்த்தால் இரண்டு வால்வு சீட்டுகளுக்கு (வால்வு வந்து உட்காரும் வளையங்கள்) நடுவே மயிரிழை போல ஒரு வெடிப்பு. வாகனக்காரர் பிள்ளைகளோடு கண்டிக்குப் புறப்பட இருந்தவர். அந்த ஏற்றத்தில் சூடேறி நின்றிருந்தால்? அன்றிலிருந்து சாயம் போட்டுப் பார்க்காமல் நான் எந்த ஹெட்டையும் பூட்டுவதில்லை.

இந்த ஹெட் அலுமினியம். அலுமினியத்தைக் காந்தம் பிடிக்காது, அதனால் காந்தமேற்றி இரும்புத் தூள் தூவி வெடிப்புப் பார்க்கும் காந்தத் தூள் முறை இங்கே சரிவராது. வெடிப்புக்குள் ஊறி அதைக் காட்டிக்கொடுக்கும் சாயமான டை பெனிட்ரண்ட் வாங்குங்கள். கிளீனர், சிவப்புச் சாயம், உள்ளே போன சாயத்தை வெளியே இழுத்துக் காட்டும் வெள்ளை டெவலப்பர் என்று மூன்று ஸ்ப்ரே டப்பா.

முதலில் வால்வுகளைக் கழற்றிக் கரியை எடுக்க வேண்டும். கம்பி பிரஷ்ஷால் அழுத்தித் தேய்க்காதீர்கள். அலுமினியம் மிருதுவானது, இழுபட்டு வெடிப்பின் வாயை மூடிவிடும். அப்புறம் சாயம் உள்ளே போகாது. ஊறவைத்துக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள்.

நிழலில் வைத்துத்தான் சாயம் அடிக்க வேண்டும். கொழும்பு வெயிலில் கிடந்து சுடும் ஹெட்டில் அடித்தால் சாயம் காய்ந்துவிடும். பத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள். பிறகு பழைய பெனியன் துணியால் துடைத்து, மிச்சத்தைக் கிளீனர் நனைத்த துணியால் எடுங்கள். கிளீனரை நேரே ஹெட்டில் அடிக்க வேண்டாம், வெடிப்புக்குள் இருக்கும் சாயமும் கழுவுண்டு போய்விடும். எங்கள் கராஜுக்கு வரும் பெடியன்கள் எல்லோரும் முதலில் பிழைவிடுவது இதில்தான்.

டெவலப்பரை நன்றாகக் குலுக்கி, ஒரு அடி தள்ளி நின்று மெல்லிசாக அடியுங்கள். அடித்த கையோடு அங்கேயே நின்று பாருங்கள். வெள்ளையில் முதலில் ஊசிமுனை அளவு சிவப்பு தெரியும், பிறகு அது கோடாக நீளும். பத்து நிமிடம் போனால் ஊறிப் பரந்து, எங்கே தொடங்கியது என்றே தெரியாமல் போகலாம்.

சீட்டைச் சுற்றி வட்டமாகச் சிவந்தால் பயப்படாதீர்கள், அது சீட் பொருந்திய இடம். சீட்டிலிருந்து அடுத்த சீட்டுக்கோ ஸ்பார்க் பிளக் துளைக்கோ ஓடும் கோடுதான் வெடிப்பு. தனித்தனிப் புள்ளிகள் வார்ப்பில் விழுந்த துளைகள்.

சாயம் காட்டுவது மேலே வாய் திறந்த வெடிப்பை மட்டும். உள்ளே தண்ணீர் ஓடும் வழியில் ஒளிந்திருப்பதைப் பிடிக்க, துளைகளை அடைத்துக் காற்று ஏற்றித் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி பார்க்க வேண்டும். கோடு எதுவும் வராத ஹெட்டையும் நான் அதற்கு அனுப்பிவிட்டுத்தான் பூட்டுவேன்.