பாறைக் குட்டையில் உயிர்களைப் பார்ப்பது எப்படி?

கடல் உள்வாங்கும்போது கரைப் பாறைகளுக்கு இடையே தேங்கும் நீர்தான் பாறைக் குட்டை. பொதுவாக அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் கடல் அதிகம் உள்வாங்கும். ஓத அட்டவணையில் (கடல்நீர் ஏறி இறங்கும் நேரப் பட்டியல்) நீர் வற்றும் நேரத்துக்கு 1 மணி நேரம் முன்பே போங்கள். நீர் ஏறத் தொடங்கியதும் கரைக்குத் திரும்பிவிடுங்கள். பிடிமானமுள்ள பழைய ஷூ போடுங்கள், பச்சைப் பாசி வழுக்கும்.

நிழல் விழுந்தாலே மீனும் இறாலும் ஒளிந்துகொள்ளும். நிழல் முதுகுப்பக்கம் விழும்படி குந்தி, 5 நிமிடம் அசையாதீர்கள். செத்த சங்கு என்று நினைத்தது நடக்கத் தொடங்கும்: காலிச் சங்கில் குடியிருக்கும் துறவி நண்டு! பாறையில் கூழ் உருண்டையாக ஒட்டியிருப்பது சுருங்கிய கடல் சாமந்தி, பூப்போல விரியும் ஓர் உயிரினம். பிடுங்கினால் அடிப்பாதம் கிழியும்.

புரட்டிய கல்லை மெல்ல, பழையபடியே கவிழ்த்து வையுங்கள். இல்லாவிட்டால் அடியில் வாழ்பவை வெயிலில் காய்ந்து செத்துவிடும். அழகான கூம்புச் சங்கை மட்டும் தொடவே தொடாதீர்கள், விஷ ஊசி உண்டு.