சர்க்கரை என்ற பெயரில்லாத சர்க்கரை

பாக்கெட்டின் முன்பக்கம் விளம்பரம்தான். திருப்பி, சேர்பொருள் பட்டியலைப் படியுங்கள். பெரும்பாலான நாடுகளில் எடை கூடியது முதலில் வர வேண்டும் என்பது விதி. இனிப்புக்கு டெக்ஸ்ட்ரோஸ், மால்டோஸ், குளுக்கோஸ் சிரப், அடர்த்தியாக்கிய பழச்சாறு என நாலைந்து வகை சேர்த்தால், ஒவ்வொன்றும் பட்டியலில் கீழே போய்விடும். கூட்டிப் பார்த்தால் முதலிடத்துக்கே வந்துவிடக்கூடும்.

'ஓஸ்' என்று முடிந்தால் பெரும்பாலும் சர்க்கரை. செல்லுலோஸும் சுக்ரலோஸும் விதிவிலக்கு: முன்னது நார், பின்னது செயற்கை இனிப்பு.

4 கிராம் சர்க்கரை என்பது ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். தக்காளி கெட்ச்அப்பில் ஒரு டேபிள்ஸ்பூனிலேயே பெரும்பாலும் அவ்வளவு இருக்கும்! இரண்டு பொருள்களை ஒப்பிடும்போது 'ஒரு பரிமாறலுக்கு' என்ற எண் உதவாது. அந்த அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 100 கிராமுக்கான எண்ணையே பாருங்கள்.

தயிரில் மட்டும் கொஞ்சம் நிதானம் தேவை. எதுவும் சேர்க்காத தயிரிலேயே 100 கிராமுக்கு 4 முதல் 5 கிராம் வரை பாலின் சொந்தச் சர்க்கரையான லாக்டோஸ் உண்டு. பழச்சுவைத் தயிரில் 12 கிராம் என்றிருந்தால், மீதி 7 முதல் 8 கிராமில் பழத்தின் பங்கு பெரும்பாலும் சொற்பம். பெரும்பகுதி வெளியிலிருந்து கொட்டியதுதான்.