டவுன்ஸ்வில்லில் மேட்ச் இல்லாத நாளைக் கழிப்பது எப்படி

2027 ரக்பி உலகக் கோப்பைக்கு ஆஸ்திரேலியா போகிறவர்களுக்கு டவுன்ஸ்வில்லில் இரண்டு மேட்சுக்கு நடுவே ஒரு நாள் கிடைத்தால், அறையில் படுத்துக்கொண்டு ஹைலைட்ஸ் பார்க்காதீர்கள். காலையிலேயே மேக்னடிக் தீவுக்குப் படகு ஏறிவிடுங்கள், ஏறக்குறைய 20 நிமிடம்தான். பக்கத்து இருக்கையில் எதிரணி ஜெர்சி உட்கார்ந்தால் பேச்சுக் கொடுங்கள், ரக்பி கூட்டம் அரங்கத்திலும் கலந்துதான் உட்காரும்.

தீவில் படகு நிற்கும் நெல்லி பே துறையிலிருந்து பஸ் பிடித்து ஃபோர்ட்ஸ் நடைபாதை தொடங்கும் இடத்தில் இறங்குங்கள். போய்வர 4 கிலோமீட்டர். குன்றின் உச்சியில் இரண்டாம் உலகப் போர்க் காலப் பீரங்கி மேடைகள் இருக்கின்றன, ஆனால் உண்மையைச் சொன்னால் பாதிப் பேர் போவது கோலா என்ற விலங்கைப் பார்க்க. யூகலிப்டஸ் கிளைக் கவட்டில் சாம்பல் நிற மூட்டை மாதிரி சுருண்டு தூங்கும், அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தால்தான் கண்ணில் படும் (காலடியையும் கவனியுங்கள், கல் தடுக்கும்). தண்ணீரைக் கையோடு கொண்டுபோங்கள், வெயில் பொல்லாதது.

அப்புறம் ஹார்ஸ்ஷூ பே கடற்கரை. சாப்பிட்டுவிட்டு நிழலில் துண்டை விரித்து ஒரு தூக்கம். கடலில் இறங்குவதானால் ஜெல்லிமீன் எச்சரிக்கைப் பலகையைப் படித்துவிட்டு இறங்குங்கள், நவம்பரிலிருந்து அதன் காலம். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.